வீட்டைப் பூட்டியவர்களும் ஊரை உயர்த்தியவர்களும்



வீடு என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பது நாம் அறிந்ததே. குடியிருக்கும் மனை என்பது ஒன்று. பற்றுகளை விட்டு நீங்கிய பேறு என்பது மற்றொன்று. 'விடு' என்னும் வினையிலிருந்தே இச்சொல் பிறந்தது என்பர் மொழி ஆராய்ந்தோர். கடற்கரையில் வாழ்பவர்க்கு இந்த இரு பொருளும் ஒரே நாளில் எதிரே வந்து நிற்பதுண்டு. புயல் வருகிறது என்ற செய்தி கிடைத்தவுடன் மனையைக் காப்பதா, மனையை விடுவதா என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விக்கு ஓர் ஊர் அளித்த விடையையும், அந்த விடை பிழைத்தபோது அது தேடிய வேறொரு விடையையும் பற்றியதே இன்றைய உரை.

அவ்வூரின் பெயர் கால்வெஸ்டன். ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கரைக்கு அப்பால், மெக்சிக்கோ வளைகுடாவில் நீண்டு கிடக்கும் ஒரு மணற்றீவின் கிழக்கு முனையில் அமைந்த நகரம் அது. நம் கடல்களில் சைக்ளோன் எனப்படுவதும் சீனக் கடலில் தைபூன் எனப்படுவதும் அங்கே ஹரிக்கேன் எனப்படுகின்றது. சைக்ளோன் என்ற சொல்லை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆக்கியளித்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர். ஹரிக்கேன் என்ற சொல்லோ கரிபியன் தீவுகளின் ஆதிக்குடிகளான டைனோ மக்களின் வாயிலிருந்து ஸ்பானியர் பெற்றது. பெயர்கள் வேறாயினும் பொருள் ஒன்றே. வெதுவெதுப்பான கடலின் மேற்பரப்பிலிருந்து வலிமை பெற்றுச் சுழன்று வந்து, காற்றோடு கடலையும் கரைக்கு இழுத்து வரும் பெரும் சூறாவளி அது.

1900ஆம் ஆண்டில் கால்வெஸ்டனில் ஏறக்குறைய 38,000 பேர் வாழ்ந்தனர். அமெரிக்கப் பருத்தி ஏற்றுமதியின் தலையாய துறைமுகங்களுள் ஒன்றாக அது விளங்கியது. வங்கிகளும் வணிக மாளிகைகளும் நிறைந்த அந்நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 9 அடியைத் தொடவில்லை. எனினும், கடலின் இயல்பை அறியாதவர்கள் அல்லர் அம்மக்கள். செங்கல் தூண்களின் மீதோ மரக்கால்களின் மீதோ வீடுகளை நிறுத்தினார்கள். யன்னல்களுக்கு வெளியே கனத்த மரக்கதவுகளை அமைத்தார்கள். எப்போதாவது கடல் பொங்கித் தெருவுக்குள் வந்தால் வெள்ளம் வீட்டின் கீழே புகுந்து வெளியேறிவிடும். பிள்ளைகள் அந்த நீரில் விளையாடுவார்கள். மறுநாள் முற்றத்து மணலைக் கூட்டித் தள்ளிவிட்டு அவரவர் தொழிலைப் பார்ப்பார்கள். சிறு வெள்ளங்களோடு கொண்ட இந்தப் பழக்கமே பெருவெள்ளத்தைப் பற்றிய அச்சத்தை அவர்களிடமிருந்து போக்கிவிட்டது எனலாம்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அதே கரையில் தென்மேற்கே இருந்த இண்டியனோலா என்னும் துறைமுக நகரம் 1875இல் ஒரு புயலால் சிதைந்தது. மீண்டும் கட்டி எழுப்பினார்கள். 1886இல் இன்னொரு புயல் அதனை முற்றாக அழித்தது. எஞ்சியவர்கள் ஊரையே கைவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட கால்வெஸ்டன் பெருமக்கள் தமது நகருக்கும் கடற்சுவர் ஒன்று வேண்டுமெனப் பேசினார்கள். அவ்வளவுதான். செலவைப் பற்றிய தயக்கத்தில் காலம் கழிந்தது. பேச்சு ஓய்ந்தது.

அந்த ஓய்வுக்கு அறிவியலின் பெயராலும் ஒரு சான்று கிடைத்தது. கால்வெஸ்டனில் வானிலை அவதான நிலையத்தின் பொறுப்பாளராக இருந்தவர் ஐசாக் கிளைன். மருத்துவமும் கற்றவர். கடமையில் கண்ணுங் கருத்துமானவர். 1891இல் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். புயலால் கால்வெஸ்டனுக்குப் பெருங்கேடு நேரும் என்பது பொருளற்ற மயக்கம் என்ற கருத்தை அதில் அவர் வெளியிட்டார். கரையோரக் கடல் ஆழங்குறைந்ததாக இருப்பதால் பேரலைகளின் வேகம் தணிந்துவிடும் என்பது அக்கால நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறானது. காற்று தள்ளிவரும் நீர் ஆழங்குறைந்த கடலில் கீழே இறங்கிப் பின்வாங்க இடமின்றி, கரைமீது மேலும் மேலும் குவியும். நகரைக் காக்கும் என்று எது கருதப்பட்டதோ அதுவே நகரின் பெருந்தீங்காக இருந்தது.

இனி, புயல் வந்த வழியைப் பார்ப்போம். 1900 செப்டெம்பர் தொடக்கத்தில் அது கியூபாவைக் கடந்தது. ஹவானா நகரில் பெலன் கல்லூரி அவதான நிலையத்தை இயேசு சபைக் குருமார் நடத்தி வந்தனர். அங்கே பணியாற்றிய பெனிற்றோ வின்யெஸ் அடிகளார் முகில்களின் ஓட்டத்தையும் கடலலையின் போக்கையும் பாரமானியின் இறக்கத்தையும் பல்லாண்டு கூர்ந்து நோக்கி, 1875இலேயே ஹரிக்கேன் வருகையை முன்னறிவித்தவர். 1893இல் அவர் மறைந்தபின் லொறென்சோ கங்கோயிற்றி அடிகளார் அப்பணியைத் தொடர்ந்தார். 1900இன் புயல் மேற்கு நோக்கி வளைகுடாவுக்குள் செல்லும் என்றே கியூப அறிஞர்கள் கணித்தனர். ஆனால் ஸ்பானிய அமெரிக்கப் போருக்குப் பின்னர் கியூபா அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. வாஷிங்டனின் வானிலைப் பணியகம் கியூபர்களின் கணிப்பை மதிக்கவில்லை. அவர்கள் வானிலைத் தந்திகளை அனுப்புவதற்கும் அவ்வேளையில் தடை இருந்தது. புயல் வடக்கே திரும்பிப் புளோரிடா வழியாக அத்திலாந்திக் கரையை நோக்கிப் போகும் என்று வாஷிங்டன் நம்பியது. புயலோ கியூபர் சொன்ன வழியிற் போயிற்று. ஆண்டவர்களின் செருக்கு ஆளப்பட்டவர்களின் அறிவை வாயடைத்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் இரு சாராருமல்லாத கால்வெஸ்டன் மக்கள்.

செப்டெம்பர் 7, வெள்ளிக்கிழமை. கால்வெஸ்டனில் புயற்கொடி ஏற்றப்பட்டது. மறுநாட் காலை, வடக்கிலிருந்து காற்று வீசியபோதும் தெற்கே கடல் ஏறிக்கொண்டிருந்தது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்போது நீர் வடியவேண்டும் என்பதே வழமை. அதற்கு மாறாக நீர் ஏறுவதைக் கண்டு கிளைன் கலக்கமுற்றார். குதிரை வண்டியில் கரையோரமாகச் சென்று மக்களை மேட்டுப் பகுதிக்குப் போகச் சொன்னதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். எத்தனை பேரை அவ்வாறு எச்சரித்தார் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், பெரும்பாலோர் தத்தம் வீட்டை ஆயத்தஞ் செய்வதிலேயே முனைந்தனர்.

அன்று அவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் காற்றைக் கருதி வீட்டை மூடினார்கள். வெளிக்கதவுகளைச் சாத்தித் தாழிட்டார்கள். யன்னல்களுக்குப் பலகை அறைந்தார்கள். தரைவிரிப்புகளையும் தளபாடங்களையும் உணவுப் பொருள்களையும் மேல்மாடிக்குக் கொண்டு போனார்கள். குடிநீரைச் சேமித்தார்கள். விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்தார்கள். இவையெல்லாம் அறிவுடைய செயல்களே. காற்று மட்டும் வந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

பிற்பகலில் நீர் வேறு விதமாக வந்தது. வடகாற்று தீவின் பின்புறத்துக் குடாநீரை நகருக்குள் தள்ளியது. முன்புறத்திலே வளைகுடாக் கடல் ஏறியது. இரு நீரும் நகரின் தெருக்களில் ஒன்றையொன்று சந்தித்தன. பெருநிலத்தோடு தீவை இணைத்த பாலங்கள் பயனற்றுப்போய், பின்னர் உடைந்தும் போயின. இனி வெளியேற வழியில்லை.

இப்போது வீட்டுக்காரர்கள் கோடரியைக் கையில் எடுத்தார்கள். தாங்கள் தேய்த்து மெருகேற்றிய வரவேற்பறைத் தரையைத் தாங்களே வெட்டித் துளைத்தார்கள். காரணம் எளிது. மரவீடு ஒன்றின் கீழே நீர் புகுந்து ஏறும்போது வீடு தோணிபோல் மிதக்கத் தொடங்கும். தூண்களிலிருந்து கழன்றால் அலைவழிப் போய் நொறுங்கும். தரையில் துளையிட்டால் நீர் உள்ளே ஏறும். அந்த நீரின் பாரமே வீட்டுக்கு நங்கூரமாகும். காலையில் காற்றுக்கு அஞ்சி வீட்டை மூடிய கைகளே மாலையில் கடலுக்கு வீட்டைத் திறந்துவிட்டன. அவ்வாறு துளையிட்ட வீடுகளிற் சில நின்றன. ஆனால் கரையோர வீடுகளுக்கு வேறொரு பகை காத்திருந்தது.

அந்தப் பகை அயல்வீடுதான். கரைக்கு முதல் வரிசையில் இருந்த வீடுகள் உடைந்ததும், அவற்றின் உத்தரங்களும் கூரைகளும் அலையோடு வந்து இரண்டாம் வரிசையை மோதின. இரண்டாம் வரிசை உடைந்து மூன்றாம் வரிசையை மோதியது. கூரை ஓடுகளும் படைக்கலங்களாயின. 1885இல் நகரில் ஒரு பெருந்தீ பரவியிருந்தது. நெருப்புப் பற்றாதிருக்கட்டும் என்று கூரைகளுக்கு வேய்ந்த கற்பலகை ஓடுகள் காற்றிலே பிடுங்கப்பட்டுக் கத்திகளாகப் பறந்து, தெருவில் நின்றவர்களை வெட்டின. ஓர் அனர்த்தத்துக்குச் செய்த காப்பு மற்றோர் அனர்த்தத்தில் கொலைக்கருவியாயிற்று.

கிளைனின் வீடு கடற்கரையிலிருந்து சில வீதிகள் தள்ளி இருந்தது. புயலைத் தாங்கவேண்டுமென்றே உறுதியாகக் கட்டப்பட்ட இருமாடி வீடு. அயலவர் பலரும் அதன் உறுதியை அறிவர். ஆதலால் ஏறக்குறைய 50 பேர் அங்கே வந்து அடைக்கலம் புகுந்தனர். மாலை 6 மணி கடந்த சிறிது நேரத்தில் அவதான நிலையத்தின் காற்றுவேகமானி மணிக்கு 100 மைல் வேகத்தைக் காட்டிவிட்டு அடித்துச் செல்லப்பட்டது. 7.30 மணியளவில் சில விநாடிகளுக்குள் நீர் 4 அடி உயர்ந்ததாகக் கிளைன் தமது அறிக்கையில் பதிந்திருக்கிறார். வீடு அப்போதும் நின்றது. பின்னர், கடலோரமாக அமைந்திருந்த ட்ராம் வண்டிப் பாதையின் ஒரு நீண்ட துண்டு, தண்டவாளத்தோடும் தாங்குமரங்களோடும் பெயர்ந்து மிதந்து வந்து வீட்டின் மீது மோதியது. வீடு சரிந்தது. உள்ளே இருந்தவர்களிற் பெரும்பாலோர் மாண்டனர். கிளைனும் அவருடைய தம்பி ஜோசப்பும் மூன்று பெண் குழந்தைகளும் மிதந்த மரங்களைப் பற்றி உயிர் தப்பினர். கருவுற்றிருந்த அவருடைய மனைவி கோரா தப்பவில்லை. சில வாரங்களின் பின்னரே அவருடைய உடல் இடிபாடுகளிடையே கிடைத்தது.

இதிலே நாம் நின்று நோக்கவேண்டிய ஒன்று உண்டு. கிளைனின் வீடு பலவீனமானதாக இருந்திருந்தால் அந்த 50 பேரும் அங்கு வந்திருக்கமாட்டார்கள். உறுதியான வீடு என்ற பெயரே அவர்களை அழைத்து வந்தது. அவர்களிற் சிலர் முன்னரே வேறிடம் தேடியிருக்கவுங் கூடும்.

நகருக்கு மேற்கே கடற்கரையில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய புனித மரியாள் அனாதைச் சிறுவர் இல்லம் இருந்தது. 93 பிள்ளைகள், 10 சகோதரிகள். இரு கட்டடங்களுள் உறுதியானதிற்கு எல்லாரையும் அழைத்துச் சென்றார்கள். பிள்ளைகளின் அச்சந் தீரக் கடலன்னையாகிய மரியாளைப் பாடும் கீதத்தைப் பாடச் செய்தார்கள். துணி உலர்த்தும் கயிற்றை எடுத்துப் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு பிணைத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளையும் கைநழுவக் கூடாது என்ற அன்பு அது. கட்டடம் இடிந்தது. மிதந்த மரமொன்றைப் பற்றிக்கொண்ட மூன்று சிறுவர்கள் மட்டுமே மீண்டனர். பின்னர் சகோதரிகளின் உடல்கள் கிடைத்தபோது கயிறும் பிள்ளைகளும் அவர்களோடு இருந்தன.

ஞாயிறு காலை வானம் தெளிந்திருந்தது. கரையை அடுத்த பகுதிகள் துடைத்தெடுத்தாற்போல் வெறுமையாய்க் கிடந்தன. 3,600 வீடுகள் அழிந்தன. நகரில் மட்டும் மாண்டவர்கள் 6,000 முதல் 8,000 வரை என்பர். குறைந்த கணக்கைக் கொண்டாலும் ஆறு பேருக்கு ஒருவர் என்றாகிறது. ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இயற்கை அனர்த்தம் ஒன்று பறித்த உயிர்களில் இதுவே மிகப் பெரிய தொகை. உடைந்த வீடுகளின் மரங்களெல்லாம் நகரின் குறுக்கே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மேடாகக் குவிந்திருந்தன. அந்த மேட்டுக்கு அப்பால் இருந்த வீடுகளிற் பல தப்பின. அழிந்த வீடுகளே தப்பிய வீடுகளுக்கு மதிலாகி நின்றன. கட்டாமற்போன கடற்சுவரைக் கடல் தானே மனிதரின் மனைகளைக் கொண்டு கட்டிக் காட்டியது எனச் சொல்லத் தோன்றுகிறது.

இண்டியனோலா மக்களைப் போல இவர்களும் ஊரை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மூன்று பொறியியலாளரை அழைத்தார்கள். அவர்களுள் ஒருவரான ஹென்றி றொபேட், கூட்ட நடைமுறை விதிகளைப் பற்றிய பெயர்பெற்ற நூலை எழுதியவர். 1902 ஜனவரியில் அவர்கள் அளித்த அறிக்கை இரண்டு வேலைகளைச் சொன்னது. ஒன்று, கடலுக்கு எதிரே கொங்கிறீற் சுவர். மற்றது, நகரின் தரையையே உயர்த்துதல்.

சுவர் 1902 ஒக்டோபரில் தொடங்கி 1904 ஜூலையில் முடிந்தது. உயரம் 17 அடி. அடியில் 16 அடி அகலம், உச்சியில் 5 அடி. 3 மைலுக்கு மேற்பட்ட நீளம். அதன் கடற்புறம் உட்குழிந்து வளைந்தது. வந்து மோதும் அலை மேல்நோக்கித் திரும்பித் தன்மேலேயே விழும்படி அமைத்தார்கள். இதற்கான கடன் பத்திரங்களை வாங்கியவர்கள் அம்மாவட்ட மக்களே.

தரையை உயர்த்தும் வேலைதான் வியப்புக்குரியது. 1903 முதல் 1911 வரை அது நடந்தது. நகரின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினார்கள். தூர்வாரும் கப்பல்கள் கடலடி மணலை அள்ளி, அந்தக் கால்வாய் வழியாக நகருக்குள் வந்து, குழாய்களால் மணற்குழம்பை வீடுகளின் கீழே பாய்ச்சின. நீர் வடிந்தது, மணல் தங்கியது. அதற்கு முன்பாக ஒவ்வொரு வீட்டையும் ஜாக்கிகள் கொண்டு மேலே தூக்க வேண்டியிருந்தது. இவ்வாறு 2,000க்கும் அதிகமான கட்டடங்கள் தூக்கப்பட்டன. 3,000 தொன் எடையுள்ள புனித பற்றிக் தேவாலயத்தை 700 ஜாக்கிகளால் 5 அடி உயர்த்தினார்கள். உள்ளே வழிபாடு நிற்கவில்லை. நீர்க்குழாய்கள், ட்ராம் தண்டவாளங்கள், கல்லறைகள் என யாவும் உயர்ந்தன. ஆண்டுக்கணக்காக மக்கள் உயரமான பலகைப் பாலங்களின் மேலேயே நடந்து கடைக்கும் கோயிலுக்கும் போனார்கள். மரங்களும் பூந்தோட்டங்களும் உப்பு மணலில் மூழ்கி மாண்டன. மணல் நிரப்பும் செலவு பொதுச் செலவு. ஆனால் தன் வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரனுடையது. வசதியற்ற சிலர் கீழ்த்தளத்தை மணலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மேல்தளத்தில் வாழ்ந்தனர்.

1915 ஆகஸ்டில் மீண்டும் ஒரு ஹரிக்கேன் வந்தது. வலிமையில் முன்னையதற்கு மிகவும் குறைந்ததன்று. சுவருக்கு வெளியே வீடுகள் அழிந்தன. சுற்றுப்புறங்களிலும் கடலிலும் பலர் மாண்டனர். நகருக்குள் உயிரிழந்தோர் தொகையோ பன்னிரண்டைத் தொடவில்லை. அன்று காத்தது எந்த ஒரு வீட்டின் ஆணியும் பலகையும் அல்ல.

எனினும் கதை சுவரோடு முடியவில்லை. 2008 செப்டெம்பர் 13 அதிகாலையில் ஐக் என்ற ஹரிக்கேன் கால்வெஸ்டனில் கரையேறியது. சுவர் வளைகுடா அலைகளை எதிர்த்து நின்றது. ஆனால் நீர் தீவின் பின்புறத்துக் குடாவிலிருந்து ஏறி நகருக்குள் புகுந்தது. இம்முறை செய்மதிகள் இருந்தன. புயலின் வழி பல நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. கரையோரச் சிறுவீடுகளில் தங்குவோர் சாவை எதிர்நோக்கக்கூடும் என்று வானிலைச் சேவை வெளிப்படையாகவே கூறியது. இலட்சக்கணக்கானோர் கரையோரத்தை விட்டு வெளியேறினர். அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு அசையவில்லை.

கால்வெஸ்டனுக்குக் கிழக்கே பொலிவர் குடாநாட்டில் கில்கிறிஸ்ட் என்றொரு சிற்றூர். ஐக் கடந்து சென்றபின் வானிலிருந்து எடுத்த படம் ஒன்று உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. சுற்றிலும் வெறும் மணல். நடுவே ஒரேயொரு மஞ்சள் நிற வீடு, சேதமுற்றும் சாயாமல் உயர்ந்த கால்களின் மீது நிற்கிறது. 2005ஆம் ஆண்டுப் புயலில் முந்திய வீட்டை இழந்தவர்கள், அடுத்த புயலைக் கருதி 14 அடி உயரத் தூண்களின் மீது கட்டிய வீடு அது. அவர்கள் அதனை நன்றாகவே ஆயத்தஞ் செய்திருந்தார்கள். அதைவிட நன்றாக, நேரத்தோடு அதனை விட்டும் போயிருந்தார்கள். வீடு நின்றது. ஆனால் அயலில் ஒரு வீடும் இல்லை. கடைத்தெருவும் இல்லை. வீடு தப்பியது, ஊர் தப்பவில்லை.

நேயர்களே, 1964 டிசம்பரையும் 1978 நவம்பரையும் நினைவிற் கொண்ட நமக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. அவ்விரு சூறாவளிகளையும் அறிந்த முதியோர் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இன்றும் உளர். கூரைக்குக் கயிறு கட்டுவதும், கதவுக்கு முட்டுக்கொடுப்பதும், பத்திரங்களையும் நகைகளையும் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்வதும் நாம் அறிந்தவையே. அவை வேண்டாதவை என்று கால்வெஸ்டன் சொல்லவில்லை. அவை போதாதவை என்கிறது.

1900இல் அந்நகரின் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைக் காக்கத் தன்னால் ஆனதைச் செய்தது. அயல்வீட்டின் உத்தரம் வந்து தன் சுவரை இடிக்கும் என்பதை எவரும் கணக்கிற் கொள்ளவில்லை. ஹவானாவில் ஒரு குருவானவர் சொன்ன சொல் தன் பிள்ளையின் உயிரோடு தொடர்புடையது என்பதையும் எவரும் அறிந்திருக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அதே மக்கள் தம் வீடுகளையெல்லாம் ஒன்றாகத் தூக்கினார்கள். ஒருவன் தன் வீட்டை மட்டும் உயர்த்தியிருந்தால் அது மணற்குழியின் நடுவே தனித்து நின்றிருக்கும்.

புயல் வரும் நாளில் ஒரு குடும்பம் தன் வீட்டை மூடலாம். தேவைப்பட்டால் அதன் தரையைத் துளைக்கலாம். வேளையறிந்து அதனை விடலாம். ஆனால் கடலுக்கு மேலாக அதனை உயர்த்துவது அக்குடும்பத்தால் மட்டும் ஆவதன்று. அது புயலில்லாத நாட்களில், ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை.